புல்லட்டை ட்ரையல்ஸுக்குத் தயார் செய்வது: நடை வேகத்தில் நிற்காத இன்ஜின்

பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350-ஐ ட்ரையல்ஸ் வண்டியாகப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் டேங்க், குரோம், பெயிண்ட் என்று வெளிப்பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். ட்ரையல்ஸில் அதற்கெல்லாம் வேலையே இல்லை. பாறையும் சேறும் மரவேருமாக இருக்கும் குறுகிய பகுதியைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும், அவ்வளவுதான் போட்டி. ஒரு தடவை ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு தடவைக்கு 2, அதற்கு மேல் எத்தனை ஊன்றினாலும் 3, தோற்றுப்போய் நின்றுவிட்டால் 5. குறைந்த புள்ளிக்காரர் ஜெயிப்பார். ஆகவே வேலையில் எதை முதலில் செய்வது, எதற்குச் செலவழிப்பது என்பதை ஒரே கேள்வியால் முடிவு செய்யலாம்: நடந்து போகிற வேகத்தில், முதல் கியரில், இன்ஜின் திணறாமல் இழுக்குமா?

இழுக்கும். 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி., கனமான ஃப்ளைவீல். புல்லட்டின் அமைப்பே அதற்குத் தோதானது. பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட் 1948-இல் இங்கிலாந்தில் ட்ரையல்ஸ் களத்தில் இறங்கியது. பின்பக்கம் சஸ்பென்ஷனே இல்லாத வண்டிகள்தான் அப்போது வழக்கம். ஜானி பிரிட்டன் ராயல் என்ஃபீல்டில் 1952-இலும் 1957-இலும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரையலை வென்றார். அதே இன்ஜினின் வழித்தோன்றல்தான் திருவொற்றியூரில் பல ஆண்டுகள் வார்க்கப்பட்டது. உதிரி பாகம் கிடைப்பதும் அதனால்தான்.

வண்டி வாங்கும்போது ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். சேஸிஸை மணல் அடிக்கக் கொடுக்கும் முன் எண் வெட்டிய இடத்தை டேப் சுற்றி மூடுங்கள். பவுடர் கோட்டிங் தடிமனாக விழுந்தால் எண் மறைந்துவிடும், எஃப்.சி. (தகுதிச் சான்று) சமயத்தில் தலைவலி. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, நிறுவனம் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. எனவே கழற்றும் மட்கார்டு, ஹெட்லைட் கூடு, சைலன்சர் எல்லாவற்றையும் திரும்ப மாட்டும்படி பத்திரப்படுத்துங்கள். ட்ரையல்ஸ் கோலத்தில் வண்டியைச் சாலையில் ஓட்டாமல் வேனில் ஏற்றிக் கொண்டுபோவதே நல்லது. இன்ஜின் கேஸை மட்டும் மணல் அடிக்கவே கூடாது. எண்ணெய்த் துளைக்குள் போன மணல் எத்தனை கழுவினாலும் முழுதாக வராது. பிறகு ஓடும்போது பிக் எண்டில், அதாவது கன்ராடு கிராங்கோடு சேரும் மூட்டில், போய் உட்காரும்.

இன்ஜினை இறக்கியதும் முதலில் பார்க்க வேண்டியது கன்ராடு, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு. பழைய புல்லட்டில் பிக் எண்டுக்கு பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான். ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்தால் கைக்குப் பிளே தெரியக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயந்து கிராங்கைப் பிரிக்க வேண்டாம். புஷ்ஷை எடுத்துவிட்டு நீடில் பேரிங் போடலாம் என்று பல பட்டறைகளில் சொல்வார்கள். நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு அது சரி. குறைந்த ஆர்.பி.எம்.மில் ஓடும் ட்ரையல்ஸ் வண்டிக்குச் சுத்தமான எண்ணெய் சரியாகப் போய்ச் சேர்ந்தால் புஷ்ஷே போதும்.

எண்ணெய் போய்ச் சேருவதுதான் கேள்வி. டைமிங் கவருக்குள் இரண்டு பம்பு: ஒன்று எண்ணெயை ஏற்றும், அதைவிடப் பெரியது திரும்ப இழுக்கும். கிராங்க் முனையில் இருக்கும் வார்ம் நட்டு இரண்டையும் ஓட்டுகிறது. இந்த நட்டுக்கு இடது மரை. வழக்கமான திசையில் ஸ்பேனரைப் போட்டுச் சுத்தியலால் தட்டினால் கிராங்க் முனை போய்விடும். பம்பு டிஸ்க்கில் கோடு விழுந்திருந்தால் கண்ணாடி மேல் நுண் கிரைண்டிங் பேஸ்ட் வைத்து எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்தலாம். இதைச் செய்யாமல் விட்டால் வண்டி நிற்கும்போது இன்ஜின் கேஸிலேயே உள்ள எண்ணெய் டேங்க் பகுதியிலிருந்து எண்ணெய் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கும். மறுநாள் கிக் அடித்ததும் நீலப் புகை, பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் காற்றழுத்தம் வெளியேறும் வழி) வழியே எண்ணெய். பார்க்கிறவர்கள் ரிங் போய்விட்டது என்பார்கள். ரிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கவரை மூடும் முன் இன்னொன்று: கிராங்க் முனைக்கு எண்ணெய் நுழையும் இடத்தில் ஒரு சின்ன சீல் இருக்கிறது. மலிவான பொருள், ஒவ்வொரு தடவை கவரைத் திறக்கும்போதும் புதிதாகப் போடுங்கள். அது தளர்ந்தால் பம்பு தள்ளுகிற எண்ணெய் பிக் எண்டுக்குப் போகாமல் கவருக்குள்ளேயே வழிந்துவிடும். வெளியில் ஒரு அடையாளமும் தெரியாது.

எண்ணெய் ஒழுகலுக்கு எல்லோரும் பேக்கிங்கையே குறை சொல்வார்கள். முதலில் கிராங்க் கேஸ் பிரீதரின் ரப்பர் வாயைப் பாருங்கள். அது இறுகியோ கிழிந்தோ போனால் பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் காற்றழுத்தம் வெளியேற வழியில்லாமல் ஒவ்வொரு இணைப்பிலும் எண்ணெயைத் தள்ளும். சில ரூபாய் ரப்பர், பாதி ஒழுகல் தீரும்.

சிலிண்டர் போர் தேய்ந்திருந்தால் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு போர் போடக் கொடுங்கள். ஓவர்சைஸ் எண்ணை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது. கம்பெனிக்குக் கம்பெனி பிஸ்டன் அளவு சற்று மாறும். வார்ப்பிரும்பு சிலிண்டருக்கு ஸ்கர்ட் பகுதியில் 0.10 மி.மீ. இடைவெளி கேளுங்கள். லேத்காரர் ‘டைட்டாக வைத்தால் ஆயுசு கூடும்’ என்று குறைக்கப் பார்ப்பார். ட்ரையல்ஸில் வண்டிக்குக் காற்றே படாது, முக்கால்வாசி நேரம் முதல் கியரில் ஏற்றம். டைட்டான பிஸ்டன் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ரிங் முனை இடைவெளி 0.30 மி.மீ. சுற்றுவட்டம். காம்ப்ரஷனைக் கூட்டும் ஆசை வேண்டாம். வால்வு கைடு ஆடினால் மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் இறக்கத்தில் த்ராட்டிலை மூடும்போது புகை வரும், ஐடிலும் ஒரே சீராக நிற்காது.

இனி மெதுவான ஓட்டத்தின் உயிர்நாடியான பாயிண்ட் செட்டுக்கு வருவோம்: திறக்கும் நொடியில் பிளக்கில் தீப்பொறி விழவைக்கும் மின்தொடுப்பு அது. இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. டைமிங்: அட்வான்ஸ் எடை (வேகம் கூடும்போது விரிந்து தீப்பொறியை முன்தள்ளும் எடைகள்) முழுக்கச் சுருங்கிய நிலையில், காம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பு பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். கிராங்கில் அது சுமார் 10 டிகிரி. பிளக் துளை சாய்ந்திருப்பதால் அதில் ஆரக்கம்பி விட்டு 0.8-ஐ நம்பிக்கையாக அளக்க முடியாது. கம்பியால் உச்சியைக் கண்டுபிடித்துவிட்டு டிகிரித் தட்டால் கணக்கிடுவது மேல். பாயிண்டுக்குக் குறுக்கே 12 வோல்ட் பல்பு ஒன்றை இணைத்து இக்னிஷனைப் போட்டால், பாயிண்ட் திறக்கும் நொடியில் பல்பு எரியும். நான்காவது கியரில் போட்டு, பின்சக்கரத்தை எப்போதும் ஓடும் திசையிலேயே உருட்டி வாருங்கள். பின்னோக்கி உருட்டினால் டைமிங் கியர்களின் பிளே அளவைக் கெடுத்துவிடும்.

இவ்வளவு செய்தும் ஐடில் ஏறி இறங்கினால் இரண்டு இடம். ஒன்று, அட்வான்ஸ் ஸ்பிரிங். அது தளர்ந்தால் ஐடிலிலேயே எடை விரியத் தொடங்கும். ஐடில் ஏறும், ஏறியதால் மேலும் விரியும், த்ராட்டிலை மூடினாலும் இறங்க மாட்டேன் என்னும். கிக்கர் திருப்பி அடிப்பதும் இதனால்தான். இரண்டு ஸ்பிரிங்கையும் ஜோடியாக மாற்றுங்கள். இன்னொன்று, டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ். தண்டைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்து ஒரு தடவை, விட்டு ஒரு தடவை பாயிண்ட் இடைவெளியை அளங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் மாறினால் புஷ் போயிற்று. எத்தனை டியூனிங் செய்தாலும் அடுத்த சுற்றிலேயே மாறிவிடும்.

டேப்பட் (வால்வு இடைவெளி) சரிசெய்ய இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். காம்ப்ரஷன் உச்சியில் புஷ்ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேல் கீழ் ஆடக் கூடாது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தேவையில்லை.

கார்புரேட்டர் 24 மி.மீ. மிக்கார்ப். பெரிதாக மாற்றாதீர்கள், வாய் பெரிதானால் குறைந்த வேகத்தில் காற்றோட்டம் மந்தமாகி, த்ராட்டிலைத் தொட்டதும் இன்ஜின் இருமும். ஸ்லைடைக் கழற்றிப் பளபளப்பான தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த ஸ்லைடின் ஓரமாகக் காற்று புகுந்தால் ஐடில் ஸ்க்ரூ எதற்கும் கட்டுப்படாது. ஹெட்டோடு சேரும் ஃப்ளேஞ்சை இழுத்து முறுக்கியிருந்தால் வளைந்திருக்கும். கண்ணாடி மேல் எமரி தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்குங்கள். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்து ஆரம்பியுங்கள். திருப்பியும் சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால் பைலட் ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை) அடைத்திருக்கிறது, அல்லது எங்கேயோ காற்று உறிஞ்சுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் காய்ந்தால் முதலில் அடைவது அந்தச் சின்ன ஜெட்தான். சில வாரம் வண்டி நிற்கப்போகிறது என்றால் மிதவைக் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

கிளட்ச் முழுக்கப் பிரியாவிட்டால் மேலே சொன்ன எதுவும் பலன் தராது. பாறைமுன் கிளட்சைப் பிடித்தும் வண்டி ஊர்ந்தால் கால் தரையில்தான். பிரைமரி கேஸில் எண்ணெய் சுமார் 420 மி.லி. போதும், கூடுதலாக ஊற்றினால் பிளேட்டுகள் ஒட்டும். எஃகுப் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்து ஃபீலர் விட்டுப் பாருங்கள், வளைந்திருந்தால் தட்டி நிமிர்த்த முயலாமல் புதிது போடுங்கள். பூட்டியதும் கிளட்சைப் பிடித்தபடி கிக்கரைக் கையால் அழுத்திப் பிரஷர் பிளேட் தள்ளாடுகிறதா என்று கவனியுங்கள். ஒரு பக்கம் முன்னால் வந்தால் அந்தப் பக்க ஸ்பிரிங் ஸ்க்ரூவைச் சற்று இறுக்கிச் சமன் செய்ய வேண்டும். பிரைமரி செயின் இறுக்கமான இடத்தில் 6 மி.மீ. தளர்வு. பிரைமரி கவரைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே நட்டு. ஒழுகுகிறதே என்று அதை மேலும் மேலும் முறுக்கினால் கவர் வளைந்து ஒழுகல் கூடும். ரப்பர் சீலை மாற்றுங்கள்.

கியர் விகிதம். வழக்கமான புல்லட்டில் முன் 16 பல், பின் 38 பல். முதல் கியரில் மொத்தம் சுமார் 14.8-க்கு 1. ட்ரையல்ஸுக்கு இது வேகம் அதிகம். முன் 14, பின் 46 என்றால் 20-ஐத் தாண்டும். சிக்கல் என்னவென்றால் புல்லட்டில் பின் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. லேத்தில் பற்களைச் சீவிவிட்டுத் தனி ஸ்ப்ராக்கெட்டை போல்ட்டில் பூட்ட வேண்டும். செயின் இழுக்கும்போது பளு முழுவதும் அந்த போல்ட்டுகளில் விழும் என்பதால் உயர் ரக போல்ட், பூட்டு வாஷர் கட்டாயம். சின்ன முன் ஸ்ப்ராக்கெட்டில் செயின் ஸ்விங் ஆர்ம் தண்டுப் பக்கம் உரசுகிறதா என்று சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. முன் 2.75-21, பின் 4.00-18 ட்ரையல்ஸ் டயர். ரிம் வாங்கும் முன் ஹப்பின் துளைகளை எண்ணுங்கள். காற்று முன் 7, பின் 5 பி.எஸ்.ஐ. அளவில் ஆரம்பிக்கலாம். இவ்வளவு குறைவில் டயர் ரிம்மில் நழுவி டியூப் வாயைப் பிடுங்கும், ஆகவே பின்பக்கம் இரண்டு, முன்பக்கம் ஒன்று என ரிம் லாக் போடுங்கள். ஃபுட்ரெஸ்ட்டைக் கீழே, பின்னால் தள்ளுங்கள், நின்றபடி ஓட்டுவதற்கு. வெல்டிங் செய்யும் முன் பழைய ஃபுட்ரெஸ்ட் தாங்கியிலும் ஸ்விங் ஆர்ம் மூட்டிலும் விரிசல் தேடுங்கள். இன்ஜினுக்கு அடியில் 4 மி.மீ. அலுமினியத் தகடு. ஹெட்லைட் கூடு போனால் ஆம்மீட்டரும் போகும், அதாவது முள்ளைப் பார்த்துக் கிக் அடிக்கும் பழக்கம் உதவாது. டிகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் பிடி) பிடித்து உச்சியைக் காலால் உணரப் பழக வேண்டும்.

பூட்டி முடித்து 20டபிள்யூ-50 எண்ணெய் ஊற்றியபின், பிளக்கைக் கழற்றிவிட்டு, ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் பான்ஜோ போல்ட்டை (எண்ணெய் போக உள்துளை உள்ள போல்ட்) தளர்த்தி அங்கே எண்ணெய் வரும்வரை கிக் அடியுங்கள். வராமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப்பின் எண்ணெயை மாற்றி, குளிர்ந்த இன்ஜினில் ஹெட் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மறுபடி இறுக்கி, டேப்பட்டைத் திரும்பச் சரிபாருங்கள். ஹெட்டை இறுக்கினால் டேப்பட் அளவு மாறும்.

கியர்பாக்ஸில் சேஸிஸ் கிரீஸைத் திணிக்காதீர்கள். பல்சக்கரம் சுழலும் இடத்தில் பள்ளம் வெட்டிக்கொண்டு கிரீஸ் ஓரத்தில் நின்றுவிடும், புஷ்ஷுக்குப் போகாது. கூழ்ப்பதமான 00 கிரீஸ் அல்லது இ.பி. 90 எண்ணெய் சரி. எண்ணெய் என்றால் கிக்கர் தண்டுப் பக்கம் கொஞ்சம் கசியும். ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் அளவு பார்த்து ஊற்ற வேண்டியதுதான். அதோடு ஓடையில் இறங்கிய வண்டி என்றால் பிரைமரி எண்ணெயையும் அன்றே இறக்குங்கள். பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மறுநாள் கிளட்ச் பிளேட் துருவில் ஒட்டிக்கொள்ளும்.