லாங்லியின் நீராவி விமானம்

அருங்காட்சியகங்களில் நாம் காணும் மாதிரி விமானங்களில் பெரும்பாலானவை, என்றோ பறந்த ஒன்றைப் பார்த்துச் செய்த சிறு நகல்கள். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் வான், விண்வெளி அருங்காட்சியகத்தைச் சேர்ந்த 'ஏரோட்ரோம் எண் 5' மட்டும், ரைட் சகோதரர்களுக்கு ஏழாண்டுகள் முன்பே தானாகப் பறந்துகாட்டிய மாதிரி. வானியலாளர் சாமுவேல் லாங்லியின் கைவண்ணம் அது.

எடை ஏறத்தாழ 11 கிலோ. இறக்கை விரிவு 4 மீட்டருக்குச் சற்று மேல். தும்பிக்கு இருப்பதுபோல் முன்னொரு சோடி, பின்னொரு சோடியாகப் பட்டுத்துணி போர்த்திய இறக்கைகள். நடுவே எஃகுக் குழாய்ச் சட்டத்தில் ஒரு குதிரைத்திறன் கொண்ட நீராவி எஞ்சின். அதன் இருபுறமும் இரு உந்துவிசிறிகள். 1896 மே 6 அன்று பொடோமாக் ஆற்றில், ஒரு படகு வீட்டின் கூரையிலிருந்து விசைப்பொறியால் ஏவப்பட்ட இது, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பறந்து, மெல்ல நீரில் இறங்கியது. அதை நேரில் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் எடுத்த படம் இன்றும் இருக்கிறது.

இந்த வெற்றிதான் லாங்லியின் கண்ணை மறைத்தது என்பது என் எண்ணம். அமெரிக்கப் போர்த்துறை தந்த 50,000 டாலரில் அவர் இதே வடிவத்தை ஆள் ஏறும் அளவுக்குப் பெருக்கினார். ஆனால் ஒரு பொருளின் எல்லா அளவுகளையும் நான்கு மடங்காக்கினால் இறக்கைப் பரப்பு 16 மடங்காகும்போது எடை 64 மடங்காகிவிடும். எடையைக் கட்டுப்படுத்தச் சட்டத்தை மெலிதாக்கினால் அது வளையும், முறியும். எஞ்சினைக் குறைசொல்ல வழியில்லை. சார்லஸ் மேன்லி செம்மைப்படுத்திய 52 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் அக்காலத்துக்கு ஓர் அற்புதமே. பெரிய விமானமோ 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8 ஆகிய இரு நாள்களிலும் ஏவிய கையோடு ஆற்றில் விழுந்தது. இரண்டு முறையும் அதை ஓட்டிய மேன்லி உயிர் தப்பியதே பெரிது. ஏவுபொறியின் மீதுதான் பழி என்று லாங்லி சொன்னார். அதுவே முழுக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

காற்று அடங்கிய பொழுதில், ஆளில்லாமல், ஒன்றரை நிமிடம் போய்வரும் பொறிக்குத் தன் சமநிலையே போதும். பக்கவாட்டில் சரியும் இறக்கையை நிமிர்த்த ஒருவர் என்ன செய்யவேண்டும் என்ற கேள்வியே அதில் எழாது. ரைட் சகோதரர்கள் 1900 முதல் 1902 வரை கிட்டி ஹாக் மணல்மேடுகளில் எஞ்சினில்லாத கிளைடர்களில் தாங்களே படுத்துப் பறந்து, முதலில் அந்தக் கேள்விக்குத்தான் விடை தேடினார்கள்.