ஸ்கேனுக்கு டை போட்டால் கிட்னி போய்விடுமா? சி.டி. அறை நாட்குறிப்பு

மார்ச் 4

மதியம் கேஷுவால்டியிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். வயது 68, சர்க்கரை நோயாளி. பக்கவாதம்: வலது கை விழுந்துவிட்டது, பேச்சு வரவில்லை. சாதா சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லை. அடுத்து ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்களைப் படத்தில் காட்டும் மருந்தை (டை) ஏற்றி எடுக்கும் சி.டி. முழங்கை மடிப்பில் பச்சை வென்ஃப்ளான் (ரத்தக்குழாயில் செருகும் ஊசிக்குழாய்) போட்டாயிற்று. டை நொடிக்கு 4 மில்லி வேகத்தில் போகும், சின்ன ஊசி தாங்காது.

மகன் வாசலில் மறித்தார். "மேடம், போன மாசம் அப்பாவுக்கு கிரியேட்டினின் 1.6. டை போட்டா கிட்னி போயிடும்னு சொல்றாங்களே?"

கிரியேட்டினின் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு; ரத்தத்தில் அது ஏறினால் கிட்னி சரியாக வேலை செய்யவில்லை என்று சந்தேகம் வரும். புது ரிசல்ட் வர முக்கால் மணி நேரமாவது ஆகும். பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. நியூரோ டாக்டர் பழைய ரிப்போர்ட்டை வைத்தே கணக்குப் போட்டார். இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்; குறைந்தால் மோசம்) 46. "காத்திருக்க வேண்டாம், எடுங்க."

70 மில்லி போட்டேன். இடது நடுமூளைத் தமனியில் அடைப்பு. அடைப்பை எடுக்க நேரே கேத் லேபுக்குப் போனார்கள்.

மார்ச் 5

பெரியவருக்கு கிரியேட்டினின் 1.8. மகன் முகம் வாடிவிட்டது. 48 மணி நேரத்தில் 0.3 கூடினால்தான் சிறுநீரகப் பாதிப்பு என்று கணக்கு. தவிர, விழுங்கச் சிரமம் என்பதால் நேற்று முழுக்க வாயில் தண்ணீர்கூட இல்லை. அதுவே அளவை ஏற்றும்.

பயம் சும்மா வந்ததில்லை. அந்தக் கால டையின் செறிவு ரத்தத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். இப்போதையது அவ்வளவு கடுமையில்லை, பயம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. 2008இல் அமெரிக்காவில், டையே போடாத 30,000க்கும் மேற்பட்ட உள்நோயாளிகளின் கிரியேட்டினினைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மேல் 25 சதவீதமாவது ஏறியோ இறங்கியோ இருந்தது. டை போட்டிருந்தால் பழி முழுக்க அதன் மேல்தான் விழுந்திருக்கும்!

மார்ச் 7

பெரியவருக்கு கிரியேட்டினின் மறுபடி 1.6. மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம்.

மார்ச் 9

பக்கவாதத்தோடு இன்று வந்த ஓர் அம்மாவுக்கு கிரியேட்டினின் 3.4. இது வேறு கதை. இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே போனால் கவனம் வேண்டும் என்றுதான் 2020இல் அமெரிக்க ரேடியாலஜி, சிறுநீரக அமைப்புகள் சேர்ந்து சொன்னதும். ஆபத்தே இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். டாக்டர் மகளிடம் ஒளிக்காமல் பேசினார்: "கிட்னி மோசமானா டயாலிசிஸாவது இருக்கும்மா, செத்த மூளைக்கு அது இல்லை." மகள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். சலைன் ஏற்றியபடியே, டையை 50 மில்லியோடு நிறுத்தி எடுத்தோம். நாளையும் மறுநாளும் கிரியேட்டினின் பார்ப்பார்கள்.