இ2 விடுபட்டதால் வீணான ஒரு மாதம்

எனக்கு வயது 34. கருமுட்டை இருப்பை அறியும் ரத்தப் பரிசோதனைக்கு ஒருமுறை கை நீட்டினால் போதும் என்று சொல்லித்தான் மருத்துவர் அனுப்பினார். நான் இரண்டு முறை நீட்டினேன். இடையில் முழுதாக ஒரு மாதம் போயிற்று. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

சீட்டில் ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டுவது), எஃப்எஸ்எச் (முட்டையை வளரத் தூண்டுவது), எல்எச், தைராய்டு, புரோலாக்டின் ஆகிய ஹார்மோன் பரிசோதனைகளுடன் கடைசி வரியில் 'இ2' என்றும் எழுதியிருந்தது. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த ஆய்வகத்தில் பில் போட்டவர், சீட்டின் தலைப்பில் மாதவிலக்கின் இரண்டாம் நாளைக் குறித்திருந்த 'டி2' என்பதையே மருத்துவர் மறுபடியும் கிறுக்கியிருக்கிறார் என்று நினைத்து அந்த வரியை விட்டுவிட்டார். "எல்லாம் போட்டாச்சும்மா, உள்ளே போய் உட்காருங்க" என்றார். நானும் பில்லையும் சீட்டையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

முடிவுத்தாளைப் பார்த்த மருத்துவர், "எஸ்ட்ரடையால் எங்கேம்மா?" என்று கேட்டபோதுதான் இ2 என்பது எஸ்ட்ரடையால் என்ற பெண் ஹார்மோன்தான் என்று எனக்குத் தெரிந்தது. எஸ்ட்ரடையால் கூடியிருந்தால் அது எஃப்எஸ்எச்சை அடக்கிக் குறைத்துக் காட்டும் என்பதால், முட்டை இருப்பு குறைந்த பெண்ணுக்குக்கூட எஃப்எஸ்எச் சரியாக இருப்பது போலத் தாளில் தெரியக்கூடும். ஆகவே இரண்டையும் மாதவிலக்கின் 2 அல்லது 3ஆம் நாளில், ஒரே ரத்தத்தில் பார்க்க வேண்டும். ஏஎம்எச்சுக்கு இந்த நாள் கணக்கு இல்லை. அதற்குள் எனக்கு ஒன்பதாம் நாள் ஆகியிருந்தது. ஆய்வகத்தில் போய்க் கேட்டதற்கு, "இப்போ வேணா எடுத்துக் கொடுக்கிறோம்" என்றார்கள். ஒன்பதாம் நாளில் எடுத்து என்ன பயன்?

அடுத்த மாதம் வண்ணாரப்பேட்டையில் வேறோர் ஆய்வகத்துக்குப் போனேன். போவதற்கு முன் மருத்துவமனைச் செவிலியரைத் தொலைபேசியில் கேட்டது நல்லதாயிற்று. அத்தை, வழக்கப்படி தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். லேசாகக் கறை பட்ட நாளை விட்டுவிட்டு, உதிரப்போக்கு நன்றாகத் தொடங்கிய நாளையே முதல் நாளாகக் கொள்ள வேண்டும் என்று செவிலியர் திருத்தினார். வேறு மாத்திரை ஏதாவது உண்டா என்றும் அவரே கேட்டார். முடி உதிர்வுக்காக நான் நாள்தோறும் 10 மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். சில ஆய்வக முறைகளில் பயோட்டின் ஹார்மோன் அளவுகளைத் தவறாகக் காட்டிவிடும் என்பதால் மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொன்னார். முதல் ஆய்வகத்தில் இதை யாருமே கேட்கவில்லை. இந்த மாத்திரையை எடுப்பவர்கள் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இம்முறை பில்லை விரல் வைத்துப் படித்து, எஸ்ட்ரடையால் என்ற வரியைக் கண்ட பிறகே பணம் கட்டினேன். ரத்தம் எடுப்பது, ஸ்கேன் எல்லாம் ஒரே காலையில் முடிந்தன.

முடிவு வந்தபோது இன்னொரு குழப்பம். முதல் தாளில் 1.1 என்றிருந்த ஏஎம்எச் இப்போது 7.9 என்றிருந்தது. ஒரே மாதத்தில் இவ்வளவு கூடிவிட்டதே என்று அத்தை சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டார். எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்த அலகைப் பார்த்த பிறகுதான் விளங்கியது: முன்னது நானோகிராம் கணக்கு, பின்னது பிகோமோல் கணக்கு. அலகை மாற்ற 7.9ஐ 7.14ஆல் வகுத்தால் அதே 1.1தான் வரும். அத்தையிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, என் கணவர்தான் சொன்னார்.

என் வயதுக்கு அது குறைவுதான் என்றார் மருத்துவர். ஆனால் ஏஎம்எச், சிகிச்சை ஊசிக்கு எத்தனை முட்டைகள் வளரக்கூடும் என்பதைக் கணிக்கத்தான் உதவுமே தவிர, இயல்பாகக் கரு தரிக்குமா என்பதைச் சொல்லாது என்று பொறுமையாக விளக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை நாளும் என் ரத்தத்தை மட்டுமே பார்க்கிறோமே, என் கணவருக்கு எதுவும் எழுதவில்லையே என்று கேட்டேன். உடனே விந்துப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை போகிறோம். அதற்கு முன் விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும் என்பதை இம்முறை நாங்களே கேட்டுக் குறித்துக்கொண்டோம்.