ரெய்டு கார்டு மாற்றிய இரவு

கிருஷ்ணகிரியை அடுத்த ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த ஜூன் மாதத்தில், எடைமேடைச் சீட்டுகளும் விவசாயிகளுக்குத் தர வேண்டிய தொகைக் கணக்கும் அடங்கிய சர்வரில், பல வட்டுகளை (ஹார்டு டிஸ்க்குகளை) ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு கார்டு ஒரே வாரத்தில் மூன்று முறை தானாகவே ரீசெட் ஆனது. வட்டுகள் எட்டும் பழுதில்லாமல் இருந்தன. அவற்றில் இரண்டு செத்தாலும் தாங்கக்கூடிய ரெய்டு 6 என்று நிம்மதியாக இருந்த நான், எட்டையும் ஆளும் கார்டு ஒன்றே ஒன்றுதான் என்பதை அப்போதுதான் உறைக்க உணர்ந்தேன்.

முதலில் பேக்கப்பை எடுத்து வேறொரு கணினியில் மீட்டு, அன்றைய எடைச் சீட்டுகள் திறக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். அதன் பிறகு கார்டின் அமைப்புகளைத் துருவியபோது, கேஷை (கார்டின் தற்காலிக நினைவகத்தை) மின்தடையில் காக்கும் பேட்டரி கெட்டிருந்தும், பதிவுகளைக் கேஷில் வைத்துப் பிறகு வட்டில் எழுதும் ரைட்-பேக் முறையே தொடர்வது தெரிந்தது. பேட்டரி போனால் கேஷ் தானாக, உடனுக்குடன் வட்டில் எழுதும் ரைட்-த்ரூவுக்கு மாறிவிட வேண்டும். ஆனால் வேகம் குறையக் கூடாது என்பதற்காக யாரோ முன்பே ரைட்-பேக்கையே கட்டாயப்படுத்தி வைத்திருந்தார்கள். அந்த நிலையில் மின்சாரம் போயிருந்தால், வட்டில் இன்னும் எழுதப்படாமல் கேஷில் நின்ற பதிவுகள் போன இடம் தெரியாமல் போயிருக்கும். உடனே ரைட்-த்ரூவுக்கு மாற்றி, கேஷில் பாக்கி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே சர்வரை முறைப்படி நிறுத்தினேன்.

பெங்களூருவின் மின்னணுப் பொருள் சந்தையான எஸ்.பி. ரோட்டில் வாங்கி வந்த கார்டு அதே மாடல், ஆனால் பழையது. முந்தைய உரிமையாளரின் அமைப்பு அதில் மிச்சம் இருக்கலாம் என்பதால், வட்டுக் கேபிள்கள் எதையும் இணைக்காமல் கார்டை மட்டும் பொருத்தி, அதிலிருந்ததை அழித்து, கார்டின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரையும் எங்கள் பழைய கார்டின் பதிப்புக்கு உயர்த்தினேன். கழற்றிய கார்டின் பேட்டரி உளுந்து வடை போல உப்பியிருந்ததைப் பார்த்த உதவியாளர் தம்பி, "இதையா சார் இத்தனை நாள் நம்பியிருந்தோம்?" என்றான்.

கேபிள்களை இணைத்து மின்சாரம் கொடுத்ததும், 'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' இருப்பதாகத் திரை சொன்னது. ரெய்டின் அமைப்பு விவரம் வட்டுகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் புதிய கார்டு அன்னியமாகப் பார்க்கிறது, அவ்வளவுதான். இறக்குமதி செய்வதா, அழிப்பதா என்ற இரண்டு தேர்வுகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருப்பதுதான் வயிற்றைக் கலக்கும். அவசரப்படாமல் முன்னோட்டத்தைத் திறந்தேன். எட்டு வட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கே தெரிந்தன.

அப்படியே இறக்குமதி செய்யப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. ஒரு கேபிளுக்கு நான்கு வட்டுகள் என்பதால் சந்தேகம் கேபிள் மீதே விழுந்தது. சர்வரை நிறுத்தி, நிலைமின்சாரத்தைத் தடுக்கும் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு இரண்டாவது கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். பூட்டு விழாமல் லேசாக ஆடியது. 'டக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தி மீண்டும் முன்னோட்டம் பார்த்தபோது, எட்டும் வரிசையாக நின்றன. அதன் பிறகே இறக்குமதி கொடுத்தேன்.

கோப்பு முறைமையை முதலில் படிக்க மட்டும் அனுமதித்துத் திறந்து, கடைசி எடைச் சீட்டின் எண்ணை மேஜையில் இருந்த காகிதச் சீட்டோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. விடியற்காலை முதல் டிராக்டர் எடைமேடையில் ஏறியபோது வேகம் சற்று மந்தமாகத்தான் இருந்தது, ஏனென்றால் புதிய பேட்டரி முழுதாக ஏறும்வரை ரைட்-த்ரூவையே வைத்திருந்தேன். வட்டுகளில் உள்ள தரவு ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்க பின்னணியில் ஓடிய கன்சிஸ்டென்சி செக் மறுநாள் மதியம் பிழையின்றி முடிந்தது. அன்று மாலையே ரைட்-பேக்குக்குத் திரும்பினேன், இம்முறை கட்டாயப்படுத்தாமல்.