கரட்டில் கிடைத்த மஞ்சள்தொண்டைச் சின்னான்

பறவை பார்ப்பதென்றால் வேடந்தாங்கலுக்கோ கோடியக்கரைக்கோதான் போக வேண்டும் என்று எங்கள் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. அணை, பாறைக் கரடு, காவிரிக் காடு என்று மூன்று விதமான நிலம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்றிலும் பறவைகள் வேறு, பார்க்கும் விதமும் வேறு.

நான் தொடங்கியது தென்பெண்ணையின் குறுக்கே இருக்கும் கே.ஆர்.பி. அணையில். நீர்ப்பறவைகள் உருவத்தில் பெரியவை, வெட்டவெளியில் நிற்பவை. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு அணைதான் நல்ல பள்ளிக்கூடம். கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா எல்லாம் சீக்கிரம் பழகிவிட்டன. காலையில் வெயில் முதுகில் படும்படி கிழக்குக் கரையில் நிற்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். கையில் இருப்பது 8x42 பைனாகுலர். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் என்பதால் விடியற்காலை மங்கலிலும் தெளிவாக இருக்கிறது.

அங்கே பரிசலில் மீன் பிடிக்கும் அண்ணன் ஒருவர் சொன்னார்: "தண்ணி இறங்கட்டும் தம்பி, அப்புறம் மேல்கோடியில போய் நில்லு. பொடிசுங்க எல்லாம் சேத்துக்குத்தான் வரும்." அப்படியே நடந்தது. நீர் வற்றி சேறு தெரிந்ததும் நெடுங்கால் உள்ளானும் பட்டாணி உப்புக்கொத்தியும் வந்து இறங்கின.

ஆனால் என் மனசு முழுக்க இப்போது கரட்டில்தான் இருக்கிறது. புல்புல் வகைப் பறவையான மஞ்சள்தொண்டைச் சின்னான் தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. அழியும் ஆபத்துள்ள இனமாகப் பட்டியலில் இருக்கிறது. பெரிய பெரிய உருண்டைப் பாறைகள், நடுவே முள்புதர், பாறை இடுக்கில் வேர்விட்ட அத்தி வகை மரங்கள், இவ்வளவும் சேர்ந்திருக்க வேண்டும் அதற்கு. நம் மாவட்டத்தின் கரடுகள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன.

தேடும்போது குழப்புவது வெண்புருவச் சின்னான். அதே புதரில்தான் இருக்கும், சத்தமும் பலமாகப் போடும். முதலில் அதன் குரலைக் காதுக்கு நன்றாகப் பழக்கிக்கொண்டேன். அதன்பிறகு வேறு மாதிரி ஒரு குரல் வந்தால் உடனே தனியாகத் தெரிந்தது. அப்படித்தான் ஒருநாள், பாறைமேல் இருந்த அத்தியில் பழம் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். மஞ்சள் பூசிய தலை, பளிச்சென்ற மஞ்சள் தொண்டை, சாம்பல் நிற உடல், வால் நுனியில் வெளிர் மஞ்சள். கை நடுங்கியது. படம் எடுக்கத் தோன்றவில்லை.

அந்தக் கரட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆள் கூட்டம் சேர்ந்தால் கூச்ச சுபாவமுள்ள இந்தப் பறவை ஒதுங்கிவிடும். பதிவுசெய்த குரலை போனில் ஒலிக்கவிட்டு வெளியே வரவழைப்பதும் வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொரு பறவை நுழைந்துவிட்டதென்று நம்பி, இரை தேடும் நேரத்தை விட்டு அலையும். கிரானைட்டுக்காக ஒரு குன்றை அறுத்தெடுத்தால் இதன் வீடு திரும்ப வராது என்பதும் அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

காவிரிக்கு வருவோம். ஒகேனக்கலில் அருவிக் கூட்டத்தை விட்டு ஆற்றோரம் விலகிப் போனால் நீர்மருது மரங்களில் மீன்கழுகு அமர்ந்திருக்கும். சிறிய மீன்கழுகா, சாம்பல்தலை மீன்கழுகா என்று அறிய வாலைப் பார்க்க வேண்டும். வெள்ளை வாலில் கறுப்புப் பட்டை இருந்தால் இரண்டாவது. நான் பார்த்ததன் வால் முழுக்க மங்கலாக இருந்தது, அதனால் சிறிய மீன்கழுகு என்றே குறித்துக்கொண்டேன். காவிரி வடக்கு சரணாலயம் யானைக் காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. அஞ்செட்டிச் சாலையோரமே எனக்குப் போதுமானதாக இருந்தது. அரசவால் ஈபிடிப்பான், மாங்குயில், வால்காக்கை மூன்றையும் அங்கேதான் பார்த்தேன்.

பார்த்ததை எல்லாம் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றுகிறேன். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணினாலே போதும். இந்த முறை கரட்டுக்கு அடியில் நிற்பதாக இருக்கிறேன். அதற்கு முன் தருமபுரி பக்கத்து வத்தல்மலைக்கு ஒரு தடவை ஏற வேண்டும்.