கல்லறைத் தோட்டத்துல புல்லு வாரப் போனேன்

சனிக்கிழமை, எங்க இங்கிலாந்து கிராமத்து சர்ச் கல்லறைத் தோட்டத்துல வாலண்டியரா புல்லு வாரப் போனேன், காட்டுப்பூ விதை கொட்டுற வரைக்கும் விட்டுட்டு கோடைக் கடைசியிலதான் வெட்டுறாங்க. வெட்டுனத அங்கயே போடக்கூடாதாம், மக்கி மண்ணுல சத்து ஏறுனா முரட்டுப் புல்லு பூச்செடிய அமுக்கிடும். உரம் போடு உரம் போடுன்னு கேட்டு வளர்ந்தவனுக்கு இது தலைகீழ் பாடம்!

ஒரு கல்லு மேல ஆரஞ்சு கலர்ல படை மாதிரி ஒட்டியிருந்துச்சு, அழுக்குன்னு நெனச்சு பிரஷ்ஷ எடுத்தா பக்கத்துல இருந்த பாட்டி கையப் பிடிச்சுட்டாங்க. லைக்கனாம், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழுற உயிர், வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெருசு.

அப்புறம் புல்லுக் குவியலுக்கு அடியில ஸ்லோ வர்ம், காலில்லாத பல்லி. பாம்புன்னு நான் அலறுனதுக்கு டீ குடிக்கிற வரைக்கும் சிரிச்சாங்க. குளிர்காலத்துல பக்கத்துக் காட்டுல ஹேசல்ங்கிற புதர் மரத்த வெட்டணும், வெயில் தரையில விழுந்தாதான் புளூபெல்ங்கிற நீலக் காட்டுப்பூ நல்லா பூக்குமாம், கையுறை வாங்கணும்.