முத்துக்கும் எண்ணெய்க்கும் ஒரே பளபளப்பு

குவைத்துக் கலைஞர் மோனிரா அல் காதிரியின் சிற்பங்களைச் சும்மா படத்தில் பார்த்தால் ஏதோ ஆழ்கடல் பூ என்றோ, கல் பதித்த கிரீடம் என்றோதான் தோன்றும். ஊதா, பச்சை, தங்கம் என்று கோணத்துக்குக் கோணம் நிறம் மாறும். அத்தனையும் டிரில் பிட்டுகள்! எண்ணெய்க் கிணறு தோண்டும்போது பாறையைக் கடித்துக்கொண்டு இறங்குமே, அந்தப் பல் வைத்த இரும்புத் தலை. 2014இல் துபாயில் அதைப் பெரிதாகச் செய்து நிறுத்தி 'ஏலியன் டெக்னாலஜி' என்று பெயர் வைத்தார். 2022இல் இத்தாலியின் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் அதே வகைத் தலைகள் மோட்டாரில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தன.

அதில் சில பிளாஸ்டிக்கில் முப்பரிமாணமாக (3டி) அச்சடித்து, கார் பெயின்ட் அடித்தவை. பிளாஸ்டிக்கும் எண்ணெயிலிருந்து, பெயின்ட்டும் எண்ணெயிலிருந்து, கார் எதில் ஓடுகிறது என்று சொல்லவே வேண்டாம்.

அந்த மினுமினுப்புக்கு ஒரு குடும்பக் கதை இருக்கிறது. இவருடைய தாத்தா முத்துக் குளிக்கும் கப்பலில் பாடகர். 1930களில் உலகப் பொருளாதார மந்தத்தோடு ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்துகொள்ள, வளைகுடாவின் முத்து வியாபாரம் படுத்துவிட்டது. 1938இல் குவைத்தின் புர்கானில் எண்ணெய் கிடைத்தது, 1946இல் ஏற்றுமதி தொடங்கியது, ஒரு தலைமுறைக்குள் ஊரே வேறு ஊராகிவிட்டது. முத்தின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டு வரும் வானவில் நிறமும், தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்று, இரண்டையும் அந்த நிறத்தில்தான் முடிச்சுப் போடுகிறார். (தாத்தாவின் தொழிலுக்கு உலை வைத்த நாட்டுக்கே பேத்தி போய்ப் படித்து டோக்கியோவில் முனைவர் பட்டம் வாங்கியது தனி வேடிக்கை.) 2018இல் எடுத்த 'டைவர்' வீடியோவில் மினுங்கும் உடை போட்ட நீச்சல்காரிகள் கருந்தண்ணீரில் தாளம் தப்பாமல் நீந்துகிறார்கள், பின்னணியில் பழைய முத்துக்குளிப்புப் பாட்டு.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2013இல் வந்த 'பிஹைண்ட் தி சன்' வீடியோ. 1991இல் குவைத்திலிருந்து பின்வாங்கிய இராக் படைகள் 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போயின, கடைசிக் கிணற்றை அடைக்க நவம்பர் ஆகிவிட்டது. அப்போது இவர் ஏழெட்டு வயதுச் சிறுமி. அந்தத் தீயைப் பழைய வீஎச்எஸ் வீடியோ கேசட்டில் பதிந்த காட்சிகளுக்கு மேல், இயற்கையைக் காட்டி இறைவனைப் புகழும் அரபுத் தொலைக்காட்சிக் குரலை ஓடவிட்டிருக்கிறார். விளக்கம் எதுவும் கிடையாது. நெருப்பு அழகாக இருக்கிறது, அழகாக இருக்கிறதே என்று நமக்கே சங்கடமாகவும் இருக்கிறது. எண்ணெயைத் திட்டிப் போஸ்டர் ஒட்டுவது சுலபம், அதன் மேல் நமக்கு உள்ள மயக்கத்தைக் கையும் களவுமாகப் பிடிப்பது கஷ்டம். அதைச் செய்கிறார்.

ஒரே ஒரு குறை. நான் பார்த்தவரை இந்தப் பளபளப்புக்குள் தொழிலாளி கண்ணில் படவில்லை. நம் ஊர்களிலிருந்து எத்தனை பேர் குவைத்துக்குப் போய் வெயிலில் வெந்து வீடு கட்டியிருக்கிறார்கள்! முத்துக் கப்பல் பாடகருக்குக் கிடைத்த இடம் எண்ணெய் தோண்டும் ரிக்கில் நிற்கிறவருக்கும் கிடைத்திருக்கலாம். அவர் சொல்வது தன் வீட்டுக் கதை, சரிதான். ஆனாலும் வளைகுடா என்றால் நம் வீட்டுக் கதையும்தானே.